பன்னிரண்டாவது சுண்டல்

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் யாருக்கும் ஏலவார்குழலி படித்த புத்தகங்களின் பெயர் தெரியாது. எத்தனை முடித்திருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் கொண்டைக்கடலைப் புத்தகம். அடுத்தது காராமணிப் புத்தகம். ஆனியில் மொச்சைப் புத்தகம். அதில் உப்பு ஒரு கை கூடிவிட்டதையும் தெரு மறக்கவில்லை.

புத்தகம் முடித்தால் சுண்டல் செய்து கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்படித்தான் பார்த்திருந்தாள். அவள் அப்பா தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் புராணம் வாசித்தவர். வாசிப்பு மாதக்கணக்கில் நடக்கும். கடைசிப் பாட்டு முடிகிற அன்று புத்தகத்தைப் பலகையில் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் காட்டி, கூடியிருப்பவர்களுக்குச் சுண்டல் கொடுப்பார்கள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் எழுத்துக் கற்றாள். வாசிப்பதென்றால் உரக்க வாசிப்பது. முடிப்பதென்றால் சுண்டல்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து வாசகசாலையிலிருந்து அவள் கைக்கு வந்த முதல் கதைப் புத்தகம், ஜமீன்தாருக்கு விஷம் வைத்தவனைத் துப்பறிந்து பிடிக்கிற கதை. அதை முடித்தபோதும் அவளுக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியவில்லை. கொலைகாரனைத் தூக்கில் போட்ட மறுநாள் புத்தகத்தைப் பலகையில் வைத்தாள். கதம்பம் சாத்தினாள். கற்பூரம் காட்டினாள். தட்டில் கடலையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"இன்னா விசேஷம் குழலிம்மா?" என்று கேட்டார் எதிர்வீட்டு முனிரத்தினம். தறிக்குழியிலிருந்து கையை மட்டும் நீட்டினார்.

"புஸ்தகம் முடிஞ்சுதுண்ணா."

"அப்படியா?" வாயில் போட்டு மென்றார். "நல்ல புஸ்தகம். பதமா வெந்திருக்குது."

அவளுக்குப் புருஷன் இருந்தான். வேலாயுதம். பட்டு விலை படுத்த வருஷம் பம்பாய் மில்லுக்குப் போனான். முதல் இரண்டு தீபாவளிக்கு ஆள் மூலம் சேதி வந்தது. மூன்றாவதுக்கு வரவில்லை. அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறதென்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டை அண்ணன் வீரபாகு நடுவில் ஒரு மண்சுவர் வைத்துப் பிரித்தான். முன்பக்கம் அவனும் அவன் மனைவி காமாட்சியம்மாளும் இரண்டு தறிகளும். பின்பக்கம் இவளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு, சந்தில் திறக்கிற ஒரு கதவு. கிணறு பொது. அண்ணன் தறிக்கு வேண்டிய ஊடைநூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியும் அதே வேலையைச் செய்வாள். இரண்டு ராட்டைகளும் பகலெல்லாம் பேசிக்கொள்ளும். அவர்கள் இருவரும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை.

பன்னிரண்டு என்ற கணக்கு ஒரு சண்டையில் பிறந்தது. வருஷப் பிறப்பன்று. காலையில் கொடுக்க வேண்டிய தார் சாயங்காலம் வரை ராட்டையில் பாதியாய் நின்றது. குழலி புத்தகத்தில் இருந்தாள்.

"ராட்டையில பாதி, அடுப்புல பாதி, புஸ்தகத்துல பாதி," என்று ஆரம்பித்தாள் காமாட்சியம்மாள். "எதைத்தான் நீ முழுசா முடிச்சே? குடித்தனத்தையே பாதியில வுட்டுட்டு வந்தவதானே."

வீரபாகு, "இந்தா, நாளும் அதுவுமா," என்றான். அதற்குமேல் அவன் எப்போதும் சொல்வதில்லை.

குழலி புத்தகத்தை மூடினாள். "மாசத்துக்கு ஒண்ணு. அடுத்த வருஷப் பிறப்புக்குள்ள பன்னண்டு புஸ்தகம். எடுத்த எதையும் பாதியில வுடமாட்டேன். நீ பாத்துக்கினே இரு அண்ணி."

"படி, படி. எனக்கின்னா வந்தது."

வாசகசாலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடையின் மாடியில் இருந்தது. பெண்கள் வரக்கூடாது என்று அங்கே எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் போனதில்லை, அவ்வளவுதான். வீரபாகு அங்கத்தினன். பத்திரிகை பார்க்கப் போவான். வரும்போது துண்டில் சுற்றி ஒரு புத்தகம் கொண்டுவருவான். எந்தப் புத்தகம் என்பதை வாசகசாலைக் காவல்காரர் தாவீதுதான் தீர்மானிப்பார். வீரபாகு கையை நீட்டினால் கைக்கெட்டியதை எடுத்துக் கொடுப்பார்.

"உங்க தங்கச்சி இதெல்லாம் படிக்குதா?" என்று ஒருமுறை கேட்டாராம்.

"படிக்குது. அப்புறம் சுண்டல் பண்ணுது."

தாவீது அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாராம்.

விளக்கு வைத்த பிறகு அவள் உட்காருவாள். அப்பா உட்கார்ந்த மாதிரி, முதுகு நேராக, புத்தகம் பலகையில். உரக்கப் படிப்பாள். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அவள் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டைச் சத்தம் நின்றுவிடும். சகிக்காமல் எழுந்து போகிறாள் என்று குழலி எடுத்துக்கொண்டாள். அதற்காகக் குரலைக் குறைக்கவில்லை. வீம்பு கொஞ்சம் உண்டு.

ஆனால் படித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அப்பா வாசித்த நாளில் அந்தக் கவலை இல்லை. அந்தக் கதைகள் கேட்டவர்களுக்கு முன்பே தெரிந்தவை. வாசிப்பு முடிந்ததும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். இவள் கதைகள் இவளுக்கு மட்டும் தெரிந்தவை. ஒவ்வொரு முறையும் கடலை வேகும்போது அடுப்படியில் நின்று இரண்டு வாக்கியம் தயார் செய்வாள். யாராவது கேட்டால் சொல்லத்தான். 'கப்பல் தலைவன் மகளைப் பற்றின கதை. கடைசியில் அவள் கண்ணாலம் கட்டிக்கவே இல்லை.' கேட்டவர்கள் ஏன் என்பார்கள். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் நிற்பாள்.

"இது இன்னா, பச்சைப்பயறா?"

"ஆமாம்மா."

"தேங்கா போட்டிருக்கிறே. அதான்."

அவ்வளவுதான். தட்டு காலியாகும். தயார் செய்த வாக்கியங்கள் அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

பேச்சில் தெரு வைத்த பெயர்களே அவளுக்கும் தங்கிவிட்டன. மனசுக்குள் நினைக்கும்போதுகூடக் கப்பல் தலைவன் மகளை அவள் பச்சைப்பயறு என்றுதான் நினைத்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கடைசி வீட்டுத் தில்லையம்மாள் குடையில்லாமல் ஓடிவந்து சந்துக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் வெளி மனுஷர் வந்து உட்கார்ந்து நெடுநாளாகியிருந்தது.

"ஏழு முடிஞ்சுதா குழலி?"

"ஏழு முடிஞ்சுது."

"பன்னண்டு முடிஞ்சா வந்துடுவாரு இல்ல?"

"யாரு?"

"இன்னாடி யாருன்றே? உன் வூட்டுக்காரருதான். அவரு வரணும்னுதானே வேண்டிக்கினு படிக்கிறே? தெருவே சொல்லுது."

குழலி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். தில்லையம்மாள் அதற்குள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்து ஒரு பாதியை அவள் பக்கம் நீட்டினாள். குழலி வாங்கிக்கொண்டாள்.

அவள் சொன்ன பொய் அவ்வளவுதான். வெற்றிலையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

அதன் பிறகு சாயங்காலங்களில் ஆள் வந்தது. தில்லையம்மாள் வருவாள், இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், சரிகை விலையைப் பற்றிப் பேசுவார்கள், சிரிப்பார்கள். விளக்கு வைத்து அவள் புத்தகத்தை எடுத்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

"இருங்களேன். கேட்டுட்டுப் போலாம்," என்பாள் குழலி.

"ஐயோ, வேண்டுதலுக்கு நடுவுல நாங்க வேறயா? நீ படிம்மா."

செருப்பில்லாத கால்கள் சந்தில் ஓசையில்லாமல் போகும். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு வெற்று அறைக்குப் படிப்பாள்.

பத்தாவது புத்தகத்துக்குத் தில்லையம்மாள் ஒரு படி பட்டாணி கொண்டுவந்து வைத்தாள். பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், அதையும் சேர்த்துக்கொள் என்றாள். பதினோராவதுக்கு முனிரத்தினமே வந்தார்.

"எனக்கு வரன் கிரன் வேணாம். மூட்டு வலி போனா போதும். அடுத்தது கொஞ்சம் ஒல்லிப் புஸ்தகமா எடும்மா. சீக்கிரம் குணமாவட்டும்."

பன்னிரண்டாவது ஒல்லி இல்லை. தடித்த அட்டை, மூலையெல்லாம் மழுங்கிப் போனது. பங்குனி பிறந்து வந்தது. மலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிற செங்கமலம் என்ற பெண்ணின் கதை. சின்ன வயசில் தேர்க் கூட்டத்தில் அவள் கையை விட்டுத் தொலைந்துபோன தம்பியைத் தேடுகிறாள். தம்பி எங்கே வளர்கிறான் என்பது அவள் தாய்மாமன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். சொல்லுகிறேன் வா என்று அவளை வரச்சொல்லிவிட்டு, அவள் வந்து சேர்வதற்குள் மாமன் பாம்பு கடித்துச் செத்துப்போகிறான். அந்த இடத்தைப் படித்த அன்று குழலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற பதினொன்றிலும் இப்படி ஆனதில்லை. செங்கமலம் ஊர் ஊராகப் போனாள். கிணற்றடியில், சத்திரத்தில், ரயிலடியில், தெரிந்தவன் போல இருக்கிற ஒவ்வொருவனின் இடது காதையும் பார்த்தாள். தம்பிக்கு அங்கே ஒரு வெட்டு இருந்தது.

ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் காற்றோடு வந்து போயிற்று. தெருவே சாமி பார்க்கப் போயிருந்தது. முடிய இன்னும் கொஞ்சம்தான் என்று தெரிந்து குழலி கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள். முதலாவதுக்கும் அதுதான். கடைசிக்கும் அதுவே இருக்கட்டும் என்று. பிறகு விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்தாள்.

மலையில் மழை. செங்கமலம் தனியாக இருக்கிறாள். கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் லாந்தரை எடுத்துக்கொண்டு எழுகிறாள். தாழ்ப்பாளை நீக்குகிறாள். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள். அங்கே நின்று

குழலி பக்கத்தைத் திருப்பினாள். அட்டை வந்தது.

திரும்பவும் திருப்பிப் பார்த்தாள். தைத்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்டுப் பக்கங்களே இல்லை. கிழிந்த அடையாளம்கூடப் பழசாகிவிட்டிருந்தது. கடைசி வரியை இன்னொரு முறை உரக்கப் படித்தாள். அங்கே நின்று. குரல் தானாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை.

காலையில் அண்ணனிடம் காட்டினாள். வீரபாகு புத்தகத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான்.

"இருக்கிற பக்கத்தையெல்லாம் படிச்சிட்டே இல்ல?"

"படிச்சிட்டேன்."

"அப்புறம் இன்னா? இல்லாத பக்கத்தை யாரு படிக்கிறது? கடலையை வேகப் போடு."

"முடியலையே அண்ணா."

"புஸ்தகம் முடிஞ்சுபோச்சும்மா. கதைதான் முடியலை. வேணும்னா தாவீதாண்ட சொல்லி ஒல்லியா ஒண்ணு எடுத்தாறேன். வருஷப் பிறப்புக்கு நாள் இருக்குது."

அவள் தலையாட்டவில்லை. ஒல்லியாக ஒன்றைப் படித்தால் பன்னிரண்டு கணக்கு ஆகிவிடும். இதைப் பாதியில் விட்டதாகவும் ஆகும். அண்ணி வாயில் வந்தது பன்னிரண்டு அல்ல, பாதி. சண்டையே அதைப் பற்றித்தான்.

"இந்தப் புஸ்தகத்தை முழுசா இருக்கிறப்போ யாராவது படிச்சிருப்பாங்க. தாவீதாண்ட கேட்டுட்டு வா," என்றாள்.

தாவீதுக்கு அதெல்லாம் மனப்பாடம். இவளுக்கு முன் அதை எடுத்த ஆள் ஒருவர்தான், செவிலிமேட்டுக் கலியாணசுந்தரம் என்று சொல்லியனுப்பினார். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். மாசாமாசம் நடந்தே வந்து இரண்டு புத்தகம் எடுத்துப் போகிறவர். "அவரு படிக்காத புஸ்தகமே எங்கிட்ட கிடையாது," என்றாராம்.

குழலி வெயில் ஏறுமுன் கிளம்பினாள். அவ்வளவு தூரம் அவள் தனியாக நடந்து பல வருஷமாகியிருந்தது. ஊரின் தென்கோடி தாண்டி, பாலாற்று மணல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வீட்டைக் கண்டுபிடித்தாள். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாசகசாலைப் புத்தகம் இரண்டு. வேறு யாரும் இல்லை. உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

"யாரும்மா?" என்றார். அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

அவள் சொன்னாள். வாத்தியாரம்மா கதை, கடைசியில் பக்கம் இல்லை, முடிவு தெரிய வேண்டும்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. மோர் இருக்குது. குடிக்கிறீங்களா?" கையால் தடவிக் கட்டிலின் மறுகோடியைக் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்தாள். "வாத்தியாரம்மா கதைதானே? நல்லா ஞாபகம் இருக்குது. தம்பியைத் தேடுவாளே."

"ஆமாங்க. கதவைத் திறக்கிறா. அங்க யாரு நிக்கிறாங்க?"

கலியாணசுந்தரம் கொஞ்சம் யோசித்தார். முகத்தை நிமிர்த்தினார். அப்போதுதான் அவள் அவர் கண்களைப் பார்த்தாள். இரண்டிலும் பூ விழுந்து, வெந்த மீன் கண் போல் வெளுத்திருந்தன. இன்று நேற்று விழுந்த பூ அல்ல.

"மாமன் நிக்கிறான்," என்றார் அவர். "நனைஞ்சுக்கினு நிக்கிறான். கூடவே ஒரு பையன். மாமன் அவன் கையைப் புடிச்சு இவ கையில குடுத்து, இந்தாம்மா உன் தம்பி, இத்தனை நாள் மறைச்சது என் தப்புன்றான்."

மாமன் செத்துப் பாதிப் புத்தகம் ஆகியிருந்தது. அவனைச் சுட்ட சாம்பலைக்கூட அவள் படித்திருந்தாள்.

அவள் எழுந்து போயிருக்கலாம். பக்கத்தில் கிடந்த இரண்டு புத்தகங்களையும் பார்த்தாள். ஒன்று தலைகீழாக இருந்தது. மேலே வேப்பிலை விழுந்து காய்ந்திருந்தது.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறமா?" கிழவருக்குக் குரல் ஏறியது. "அப்புறம் அவ அழுவுறா. பையன் இன்னா பண்றான் தெரியுமா? சின்ன வயசுல அவ பாடின பாட்டை அப்படியே பாடுறான்." பையனுக்குப் பட்டணத்தில் உத்தியோகம் கொடுத்தார். செங்கமலத்துக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். மாமனை மன்னித்துக் காசிக்கு அனுப்பினார். நடுநடுவே, "நீங்க இன்னா நினைக்கிறீங்க, அவ அந்த மாமனை மன்னிச்சது சரிதானா?" என்று கேட்டார்.

ஒரு வருஷத்தில் புத்தகத்தைப் பற்றி அவளைக் கேட்ட முதல் கேள்வி அது.

"சரிதாங்க," என்றாள். "செத்தவன் மேல கோபம் வச்சுக்கினு இன்னா பண்றது."

கிழவரின் கை பக்கத்திலிருந்த புத்தகத்தைத் தேடித் தடவியது. பிறகு மோர் இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார்.

போகும்போது, "அடுத்த தபா வேற ஏதாவது பக்கம் குறைஞ்சிருந்தா வாங்க," என்றார். வருகிறேன் என்றாள்.

வருஷப் பிறப்பு வந்தது. ஊறப்போட்ட கடலை அதற்கு முன்பே முளைவிட்டு, அதை அவள் ஒருத்தியே வேகவைத்துத் தின்று தீர்த்திருந்தாள். சாயங்காலம் தில்லையம்மாள் மஞ்சள் பூசிக் குளித்து, புதுப் பூ வைத்து வந்தாள். பின்னாலே நாலைந்து பேர். முனிரத்தினம் தறியை விட்டு எழுந்து, ஒரு கையில் தொன்னையும் ஒரு கையில் முழங்காலுமாக வந்து நின்றார். முன்வாசலில் காமாட்சியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா குழலி, பலகையைக் காணோம்?"

"முடியலை," என்றாள் குழலி.

"இன்னாது முடியலை?"

"பன்னண்டாவது. கடைசியில பக்கம் இல்லை. பதினொண்ணுதான் முடிஞ்சுது."

ஒருத்தி, பக்கம் இல்லாதது உன் குற்றமா, சாமிக்குத் தெரியாதா, கற்பூரத்தைக் காட்டு என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். தில்லையம்மாள் மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா அவரு வரமாட்டாரா?"

"வரமாட்டாரு. வந்தாலும் வராட்டியும் இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நான் அவருக்காகப் படிக்கலை தில்லையம்மா. படிக்கணும்னுதான் படிச்சேன்."

"பட்டாணி குடுத்தேனேடி. பொண்ணு பேர்ல."

"உன் ஒரு படி பட்டாணியைத் திருப்பித் தந்துடுறேன்."

"பட்டாணி யாருக்கு வேணும்?" தில்லையம்மாளுக்குக் குரல் உடைந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே. வாய் இருந்துதே."

வாய் இருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

முனிரத்தினம் தொன்னையை மடித்து இடுப்பில் செருகினார். "அப்போ மூட்டு வலி?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு நொண்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள்.

குழலி முன்வாசல் பக்கம் திரும்பினாள். இப்போது வரும் என்று காத்திருந்தாள். பாதி என்ற அந்த ஒரு சொல். காமாட்சியம்மாள் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் யாரும் வரவில்லை. தில்லையம்மாள் தெருவில் பார்த்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல் வேறு பக்கம் திரும்பினாள். வெயில் ஏறிக்கொண்டு போயிற்று. குழலி தார் சுற்றினாள். விளக்கு வைத்தால் பலகை வெறுமையாக இருந்தது. பன்னிரண்டாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொன்று கேட்கவும் மனம் வரவில்லை. அந்தப் பக்கம் ராட்டை மட்டும் நிற்காமல் ஓடியது. முன்பு இல்லாத அளவுக்கு, படுக்கிற வரைக்கும் ஓடியது.

ஒரு காலை கிணற்றடியில் இருவரும் சேர்ந்தாற்போல் வந்துவிட்டார்கள். காமாட்சியம்மாள் கயிற்றைப் பிடித்திருந்தாள். குழலி குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"செவிலிமேட்டுக்குப் போனியாமே," என்றாள் காமாட்சியம்மாள், கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு.

"போனேன்."

"இன்னா சொன்னாரு?"

"முடிவு சொன்னாரு."

"இன்னா முடிவு?"

"மாமன் தம்பியைக் கூட்டிக்கினு வந்து, கையைப் புடிச்சுக் குடுக்கிறானாம்."

"எந்த மாமன்?" காமாட்சியம்மாள் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். "அவன்தான் பாம்பு கடிச்சு அப்பவே செத்துட்டானே. கிழவன் இன்னாத்தைப் படிச்சான்?"

வாளி பாதிக் கிணற்றில் நின்றது.

குழலி அண்ணியைப் பார்த்தாள். பாம்பைப் பற்றி அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. காமாட்சியம்மாள் கயிற்றை மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். முகம் கறுத்திருந்தது.

"ஊரே கேக்குற மாதிரி கத்திப் படிச்சா? காதை இன்னா அடைச்சுக்கினா உக்கார முடியும்," என்றாள். வாளியை மேலே எடுத்து, தன் குடத்தை விட்டுவிட்டுக் குழலியின் குடத்தில் ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் கவனித்தாள் போல. கயிற்றை மீண்டும் இறக்கினாள்.

குழலி குடத்தைத் தூக்கவில்லை.

"கதவுக்கு வெளிய யாருதான் நின்னது?" என்றாள் காமாட்சியம்மாள். இந்த முறை குரல் மெதுவாக இருந்தது.

ஒரு வருஷமாகப் பதினொரு புத்தகத்துக்கும் இரண்டிரண்டு வாக்கியமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள் குழலி. அவற்றில் எதையும் அண்ணி கேட்கவில்லை.

"தெரியலை அண்ணி," என்றாள்.

"காது வெட்டு இருக்கிறவனாத்தான் இருக்கும்."

"இருக்கலாம்."

"இல்லாட்டி வேற எவனாவது இருந்துட்டா?"

"அப்படியும் இருக்கலாம்."

"பாதியில வுட்டுட்டான் பாவி," என்றாள் காமாட்சியம்மாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வாசலில் திரும்புவாள் என்று குழலி பார்த்தாள். திரும்பவில்லை.

அன்று வீரபாகுவிடம் பன்னிரண்டாவதைக் கொடுத்தனுப்பினாள். இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவன் துண்டில் சுற்றி வேறொன்று கொண்டுவந்தான். தாவீதைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினானாம்.

அவள் விளக்கை வைத்தாள். பலகையை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். பிறகு எழுந்து அதைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் ராட்டை ஓடிக்கொண்டிருந்தது.

முதல் வரியைப் படித்தாள். ராட்டை நின்றது.